சொந்த க்ளீன்ரூம் இல்லாமல் சென்சார் செய்வது: பொது நானோஃபேப் மையத்துக்குப் போகும் முன் என்ன முடிவாகியிருக்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக: எங்கள் கல்லூரியில் க்ளீன்ரூம் (தூசி வடிகட்டிய, சிப் செய்யும் அறை) கிடையாது. சிலிக்கான் மேல் துத்தநாக ஆக்சைடு வாயு சென்சார் ஒன்று செய்ய வேண்டும். பெங்களூரு, சென்னை, மும்பையில் உள்ள நானோ ஃபேப்ரிகேஷன் மையங்களை வெளியாட்கள் பயன்படுத்த முடியுமா? எப்படித் தயாராவது? சிறு நிறுவனங்களுக்கும் இது சரிப்படுமா?

முடியும். இந்த மையங்களின் கதவு வெளியாட்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே தனித் திட்டம் இருக்கிறது. 2006-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை (இன்றைய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஐஐடி பம்பாயிலும் நானோஎலெக்ட்ரானிக்ஸ் சிறப்பு மையங்களைத் தொடங்கியது. அந்தக் கருவிகளை நாட்டின் மற்ற கல்லூரிகளும் பயன்படுத்தட்டும் என்று 2008-ல் இந்திய நானோஎலெக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம், அதாவது ஐஎன்யூபி, வந்தது. இப்போது அது ஆறு இடங்களில் நடக்கிறது: இந்திய அறிவியல் கழகம், ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லி, ஐஐடி கரக்பூர், ஐஐடி குவாஹாத்தி. முதலில் அறிமுகப் பயிலரங்கு, அடுத்து கைவேலைப் பயிற்சி, அதன் பிறகு ஆய்வுத் திட்டம் என்று படிப்படியாக உள்ளே போகலாம். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

ஏன் இப்படிப் பொதுவாக வைக்கிறார்கள் என்பதற்குக் காரணம் கருவியின் விலை மட்டும் இல்லை. வாங்குவதைவிட ஓட்டுவதுதான் பெரும்பாடு. காற்று வடிகட்டி இரவு பகலாக ஓட வேண்டும். 18.2 மெகாஓம்-செமீ மின்தடைமை கொண்ட மிகத் தூய நீர் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிலேன் காற்றுபட்டாலே தீப்பிடிக்கும் வாயு. அதற்குத் தனி அலமாரி, கசிவு உணரி, வெளியேறும் வாயுவைச் சுத்தப்படுத்தும் ஸ்க்ரப்பர் எல்லாம் வேண்டும். ஒரு துறை, ஒரு பேராசிரியர் தாங்குகிற செலவு இல்லை இது. அமெரிக்காவில் 1977-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் தேசியப் பொது வசதி ஒன்றைத் தொடங்கியதும், 2015-ல் 16 தளங்களை ஒரே வலைப்பின்னலாகக் கோத்ததும் இந்தக் கணக்கில்தான்.

இனி கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பொது ஃபேபில் உள்ள எல்லா விதிக்கும் அடியில் ஒரே உண்மைதான் இருக்கிறது: உங்கள் வேஃபர் (சிப் செய்யும் வட்டமான சிலிக்கான் தகடு) வெளியே வந்த பிறகு கருவியின் அதே சேம்பருக்குள் இன்னொருவருடைய வேஃபர் போகும். மையத்தின் உண்மையான சொத்து மெஷின் இல்லை. அந்த மெஷினில் இன்றும் அதே பலனைத் தருகிற ரெசிபி, அதாவது வாயு, சூடு, நேரம் போன்ற அமைப்புகளின் தொகுப்பு. ஆகவே உங்கள் சாதனத்துக்காக ரெசிபியை மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ரெசிபிகளைக் கேட்டு வாங்கி, அவற்றுக்குள் அடங்குகிற மாதிரி சாதனத்தை வடிவமையுங்கள். இந்த ஒன்றைச் செய்தவர்கள் சில வாரங்களில் சிப்போடு திரும்புகிறார்கள். செய்யாதவர்கள் ஒரு வருஷம் ஸ்லாட் பிடிப்பதிலேயே கழிக்கிறார்கள்.

உங்கள் வாயு சென்சாரையே எடுத்துக்கொள்வோம். எளிய வடிவத்தில் அது சிலிக்கான் மேல் ஆக்சைடு, அதன் மேல் விரல்விரலாகப் பின்னிய எலெக்ட்ரோடு, அதன் மேல் துத்தநாக ஆக்சைடு படலம். வேலைத் தொடர் இப்படி வரும்.

4 அங்குல, 525 மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் வேஃபர். முதலில் ஆர்சிஏ கழுவல்: அமோனியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் 1:1:5 விகிதத்தில் 75 முதல் 80 டிகிரியில் 10 நிமிடம், நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சில விநாடி முக்கல், பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெராக்சைடு, நீர் 1:1:6-ல் அதே சூட்டில் 10 நிமிடம். முதல் குளியல் கரிமப் பொருளையும் துகளையும் எடுக்கும், கடைசிக் குளியல் உலோக அயனியை எடுக்கும். அடுத்து உலையில் ஆக்சைடு. 1000 டிகிரியில் ஈர ஆக்சிஜனேற்றம் ஒரு மணி நேரத்தில் சுமார் 400 நானோமீட்டர் தரும். உலர் முறையில் அதே நேரத்துக்குச் சுமார் 50 நானோமீட்டர்தான். உங்களுக்கு வேண்டியது மின்காப்பு மட்டும் என்பதால் ஈர முறையே போதும். ஏற்கெனவே ஆக்சைடு வளர்த்த வேஃபரை விலைக்கு வாங்கிக்கொண்டு போனால் உலைக்கு வரிசையில் நிற்கும் வேலையே இல்லை.

எலெக்ட்ரோடுக்கு எந்த உலோகம் என்பதில் பலர் யோசிக்காமல் குரோமியம், தங்கம் என்று எழுதிவிடுகிறார்கள். சென்சார் 300 டிகிரியில் ஓடப்போகிறது என்றால் அது தவறான தேர்வு. அந்தச் சூட்டில் குரோமியம் தங்கத்தின் மணி எல்லைகள் (படிகத் துகள்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகள்) வழியாக மேலே ஏறி ஆக்சைடாகிவிடும். எலெக்ட்ரோடும் படலமும் தொடும் இடத்தின் மின்தடை, அதாவது தொடுமின்தடை, நாளுக்கு நாள் நகரும். அதை வாயுவின் விளைவு என்று நினைத்துக் கட்டுரை எழுதிவிடவும் வாய்ப்பு உண்டு. டைட்டானியம் 10 நானோமீட்டர், அதன் மேல் பிளாட்டினம் 100 நானோமீட்டர் என்று வைப்பது நல்லது.

இப்போது லிஃப்ட்-ஆஃப். முதல்முறை வருபவர்களின் வேஃபர் அதிகம் கெடுவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சைப் பூசி, மாஸ்க் என்ற வடிவத் தகடு வழியாக ஒளியூட்டி, டெவலப்பர் திரவத்தில் டெவலப் செய்து, உலோகம் வேண்டிய இடத்தில் திறப்பு உண்டாக்குகிறோம். எல்லாவற்றின் மேலும் உலோகத்தைப் படியவைத்து அசிட்டோனில் ஊறப்போட்டால், ரெசிஸ்ட் கரைந்து தன்மேல் உள்ள உலோகத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அது நடக்க, ரெசிஸ்டின் பக்கச் சுவரில் உலோகம் தொடர்ச்சியாகப் படியக் கூடாது. எஸ்1813 போன்ற சாதாரண பாசிட்டிவ் ரெசிஸ்டின் சுவர் மேலே அகன்று கீழே குறுகிய திறப்பாகத்தான் வரும். உலோகம் அந்தச் சரிவில் ஏறிப் படியும், அசிட்டோன் உள்ளே புக வழி இருக்காது. கடைசியில் புகுந்தாலும் விரல்களின் ஓரத்தில் வேலி மாதிரி உலோக விளிம்பு நின்றுவிடும். 5 மைக்ரான் இடைவெளியில் அப்படி ஒரு விளிம்பு சாய்ந்தால் இரண்டு எலெக்ட்ரோடும் ஷார்ட் ஆகிவிடும்.

இதற்கு இரண்டு தீர்வு உண்டு. ஏஇசட் 5214இ போன்ற இமேஜ் ரிவர்சல் ரெசிஸ்ட், அல்லது அடியில் எல்ஓஆர் என்ற லிஃப்ட்-ஆஃப் ரெசிஸ்டும் மேலே சாதாரண ரெசிஸ்டுமாக இரட்டை அடுக்கு. இரண்டிலும் அடிப்பகுதி உள்ளே குடைந்து, மேல் விளிம்பு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எல்ஓஆர் அடுக்கு படியவைக்கும் உலோகத்தைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். படிவுக்கு எலெக்ட்ரான் கற்றை ஆவியாக்கல்தான் சரி, ஏனென்றால் அங்கே அணுக்கள் நேர்கோட்டில் வரும். ஸ்பட்டரிங்கில் (அயனியால் அடித்து உலோகத்தைத் தெறிக்கவைக்கும் முறை) அவை எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூரைக்கு அடியிலும் படிந்துவிடும். பிளாட்டினம் உருக 1768 டிகிரி வேண்டும். மூசையிலிருந்து அடிக்கும் வெப்பம் ரெசிஸ்டை வெடிக்கவைக்கும் அல்லது கரையாதபடி இறுக்கிவிடும். அதனால் 100 நானோமீட்டரையும் ஒரே மூச்சில் போடாமல் நடுவில் நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள்.

படிவுக்கு முன் 30 விநாடி ஆக்சிஜன் பிளாஸ்மா கேளுங்கள். டெவலப் செய்த திறப்பின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்ட் படலம் மிஞ்சியிருக்கும். அதன் மேல் படிந்த உலோகம் வயர் பாண்டிங்கில் (மெல்லிய இணைப்புக் கம்பியை ஒட்டும்போது) உரிந்து வரும். அசிட்டோனில் ஊறும்போது வேஃபரை வெளியே எடுத்து உலரவிட்டுப் பார்க்காதீர்கள். மிதக்கும் உலோகச் செதில் ஒன்று உலர்ந்து ஒட்டினால் பிறகு எந்தக் கரைப்பானிலும் வராது. ஈரமாக இருக்கும்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, போதவில்லை என்றால் திரும்ப அசிட்டோனுக்கே அனுப்ப வேண்டும். முழுவதும் விட்டது உறுதியான பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிறகு நைட்ரஜன்.

அடுத்தது துத்தநாக ஆக்சைடு. இங்கேதான் உங்கள் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வேன். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். ரெசிஸ்ட் டெவலப்பர் என்பது 2.38 சதவீத டிஎம்ஏஹெச், அதாவது காரம். படலத்தைப் படியவைத்த பிறகு அதன் மேல் மறுபடி லித்தோகிராபி (மேலே சொன்ன ரெசிஸ்ட், ஒளி, டெவலப் வேலை) செய்தால் டெவலப்பரே படலத்தைத் தின்னும். தவிர, துத்தநாகத்தின் ஆவியழுத்தம் அதிகம். அது உள்ளே போன வேக்யூம் சேம்பரிலும் உலையிலும் சுவர் முழுக்கப் பரவி அடுத்தவர் வேஃபரில் இறங்கும். அதனால் பல மையங்கள் அதைத் தனியாக ஒதுக்கிய கருவியில் மட்டும்தான் அனுமதிக்கும், அந்தக் கருவிக்கு வரிசையும் நீளம். படலத்துக்கு நுண்ணிய ஓரம் தேவையில்லை. எலெக்ட்ரோடின் மேல் ஒரு மில்லிமீட்டர் சதுரமாக உட்கார்ந்தால் போதும். அதை லேசரில் வெட்டிய ஸ்டீல் ஷேடோ மாஸ்க் வைத்து உங்கள் கல்லூரி ஸ்பட்டரிலோ, சால்-ஜெல் முறையில் கரைசலைச் சுழற்றிப் பூசியோ (ஸ்பின்) போட்டுக்கொள்ளலாம். 400, 500 டிகிரியில் சூடாக்கிப் பதப்படுத்தும் அனீலிங்கையும் உங்கள் டியூப் உலையிலேயே முடிக்கலாம். மையத்திலிருந்து உங்களுக்கு வேண்டியது ஆக்சைடும் எலெக்ட்ரோடும் உள்ள சிப் மட்டும். 5 மில்லிமீட்டர் சதுர சிப் என்றால் ஓரம் போக ஒரு 4 அங்குல வேஃபரில் 200-க்கு மேல் கிடைக்கும். ஒரே மாஸ்க், ஒரே படிவு, ஒரே டைசிங் (சிப்புகளாக வெட்டுதல்). ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேவையான சிப் இரண்டு மூன்று வேஃபரில் வந்துவிடும்.

பிற பொருள் தொற்று (கன்டாமினேஷன்) பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. தங்கமும் செம்பும் சூட்டில் சிலிக்கானுக்குள் மிக வேகமாக ஊடுருவும். தங்கம் சிலிக்கானின் ஆற்றல் பட்டை இடைவெளியின் நடுவில் ஆழ் மட்டங்களை உண்டாக்கி எலெக்ட்ரானையும் துளையையும் மறுசேர்க்கை செய்துவிடும். உலையின் குவார்ட்ஸ் குழாயில் தங்கம் ஒருமுறை ஏறினால் அதற்குப் பிறகு அதில் போகும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் கசியும். கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) குளியலில் முங்கிய வேஃபரில் பொட்டாசியம் இருக்கும். அது டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடில் நகர்ந்து, டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் திரெஷோல்டு வோல்டேஜை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் எந்த மையத்திலும் ‘சுத்த’ உலை, ‘உலோகம் அனுமதித்த’ உலை என்று பிரிவு இருக்கும். பாலிமர் அடித்தளம், பிடிஎம்எஸ் (ஒருவகை சிலிக்கோன் ரப்பர்), நீங்களே தயாரித்த நானோதுகள் எதுவாக இருந்தாலும், வேஃபரின் பிறப்பிலிருந்து அது பார்த்த ஒவ்வொரு பொருளையும் வரிசையாக எழுதிக் கொடுங்கள். ‘கல்லூரி லேபில் ஒரே ஒரு தடவை தங்கம் போட்டோம், பிறகு எட்ச் செய்து (அரித்து) எடுத்துவிட்டோம்’ என்பதும் எழுத வேண்டிய விஷயம்தான். எடுத்துவிட்டோம் என்று கண் சொல்வதற்கும், ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை அணு மிச்சம் என்று அளவீடு சொல்வதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

மாஸ்க் வரைவது உங்கள் பொறுப்பு. கே-லேஅவுட் இலவச மென்பொருள். ஜிடிஎஸ் என்ற லேஅவுட் கோப்பாகக் கொடுக்கலாம். மாஸ்க் வேஃபரைத் தொடும் கான்டாக்ட் லித்தோகிராபியில் 1 மைக்ரான் வரும் என்று கருவித் தாளில் இருந்தாலும் முதல் வடிவமைப்பில் 3 மைக்ரானுக்குக் கீழே போகாதீர்கள். 5 மைக்ரான் விரலில் சென்சார் வேலைசெய்யும் என்றால் 5-லேயே நிறுத்துங்கள். மாஸ்க் வரைவில் அடிக்கடி வரும் தப்பு போலாரிட்டி: வரைந்த இடத்தில் மாஸ்கின் குரோம் (ஒளியை மறைக்கும் படலம்) நிற்க வேண்டுமா, போக வேண்டுமா? ‘டார்க் ஃபீல்ட்’ (வடிவம் தவிர மற்ற இடமெல்லாம் குரோம்) என்று மட்டும் எழுதினால் ரெசிஸ்ட் வகையைப் பொறுத்து எதிர்மறையாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. ‘வரைந்த வடிவம் உள்ள இடத்தில் கடைசியில் பிளாட்டினம் இருக்கும்’ என்று ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. குரோம் பக்கம் கீழே வைத்து ஒளியூட்டுவதால் எழுத்தெல்லாம் இடவலம் மாறுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிப்புகளுக்கு நடுவில் டைசிங்குக்கு 150 மைக்ரான் தெரு விடுங்கள். நான்கு மூலையிலும் அலைன்மென்ட் குறி, ஒரு ஓரத்தில் 2 முதல் 20 மைக்ரான் வரை கோட்டு வரிசை, தொடுமின்தடை அளக்க டிஎல்எம் வரிசை ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். பலன் சரியாக வராதபோது தப்பு லித்தோகிராபியிலா, உலோகத்திலா, உங்கள் படலத்திலா என்று இவைதான் சொல்லும்.

1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொண்டு போவது சிக்கனம் மாதிரி தெரியும். அது நஷ்டம். ஸ்பின் செய்யும்போது துண்டின் ஓரத்தில் ரெசிஸ்ட் தடித்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கரை கட்டும். கான்டாக்ட் லித்தோகிராபியில் அந்தக் கரைதான் மாஸ்கைத் தொடும். நடுவில் மாஸ்க்குக்கும் துண்டுக்கும் இடைவெளி விழுந்து, நுண்கோடுகள் கலங்கிப்போகும். முழு வேஃபராகவே கொண்டுபோய்க் கடைசியில் வெட்டுங்கள். வெட்டும் முன் மேலே ரெசிஸ்ட் பூசிக்கொண்டால் சிலிக்கான் தூள் எலெக்ட்ரோடில் ஒட்டாது. பிறகு அசிட்டோனில் கழுவிவிடலாம்.

கடலோர ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. க்ளீன்ரூமில் ஈரப்பதம் சுமார் 45 சதவீதத்தில் நிற்கும், நம் லேபில் அது 75-ஐத் தாண்டும். நம் லேபில் கிடந்த ஆக்சைடு வேஃபரின் மேற்பரப்பில் நீர்ப்படலம் இருக்கும். ரெசிஸ்ட் பிடிக்காமல் டெவலப்பரில் உரிந்து மிதக்கும். 150 முதல் 200 டிகிரி ஹாட்பிளேட்டில் 5 நிமிடம் உலர்த்தி, உடனே ஹெச்எம்டிஎஸ் (ரெசிஸ்ட் ஒட்ட உதவும் வேதிப்பொருள்) ஆவி காட்டிவிட்டு ரெசிஸ்ட் பூச வேண்டும்.

எலெக்ட்ரான் கற்றை லித்தோகிராபி (மாஸ்க் இல்லாமல் கற்றையால் நேரடியாக எழுதுவது) வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு கணக்கு போட வேண்டும். எழுத ஆகும் நேரம் என்பது டோஸ் (ஓர் அலகுப் பரப்புக்கு வேண்டிய மின்னூட்டம்) பெருக்கல் பரப்பு வகுத்தல் கற்றையின் மின்னோட்டம். பிஎம்எம்ஏ ரெசிஸ்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 500 மைக்ரோகூலம் என்று வைப்போம். 1 சதுர மில்லிமீட்டர் நிரப்ப, 1 நானோஆம்பியர் கற்றையில் 5000 விநாடி, அதாவது ஏறக்குறைய 83 நிமிடம். அதே கற்றையில் 1 சதுர சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஆறு நாள் விடாமல் எழுத வேண்டும். எந்த மையமும் அந்த ஸ்லாட்டைத் தராது. நானோ அளவு உண்மையிலேயே தேவைப்படும் நடுப்பகுதியை மட்டும் கற்றையில் எழுதிவிட்டு, கம்பி ஒட்டும் பேட், இணைப்புக் கோடு எல்லாவற்றையும் ஒளி லித்தோகிராபிக்கு விடுங்கள்.

சென்சாருக்கு அடியில் சிலிக்கானைக் குடைந்து மெல்லிய சவ்வின் மேல் மைக்ரோஹீட்டர் வைக்கும் யோசனை பின்னால் வரும். மின்சாரம் மிச்சமாகும் என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் வேலை பல மடங்கு ஏறும். கேஓஹெச் 30 சதவீதக் கரைசல் 80 டிகிரியில் நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரான் அரிக்கும்; 525 மைக்ரானுக்கு ஒன்பது மணி நேரம். சுவர் 54.74 டிகிரிச் சரிவில் வருவதால் 1 மில்லிமீட்டர் சவ்வு வேண்டுமென்றால் பின்பக்கத் திறப்பு சுமார் 1.74 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேஃபர் தடிமன் 25 மைக்ரான் கூடினாலோ குறைந்தாலோ சவ்வின் அளவு 35 மைக்ரான் மாறும். செங்குத்துச் சுவர் வேண்டுமென்று டிஆர்ஐஇ (பிளாஸ்மாவால் ஆழமாகக் குடையும் முறை) கேட்டால், நிமிடத்துக்கு 3 மைக்ரான் வீதம் மூன்று மணி நேரம். ஆனால் ரெசிஸ்ட் போதுமா என்று பாருங்கள். சிலிக்கான் 70 மைக்ரான் போனால் ரெசிஸ்ட் 1 மைக்ரான் போகும் என்று வைத்தால், 1.3 மைக்ரான் எஸ்1813 சுமார் 90 மைக்ரான் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். 10 மைக்ரான் தடித்த ரெசிஸ்ட் வேண்டும். வேஃபரின் அடிவரை குடைவதால் கீழே கேரியர் வேஃபர் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பின்பக்கக் குளிர்விப்பு ஹீலியம் சேம்பருக்குள் பாய்ந்து மெஷின் நின்றுவிடும். சவ்வு உள்ள வேஃபரைச் சாதாரண டைசிங் பிளேடில் கொடுக்கவும் முடியாது, நீர்த் தாரையில் சவ்வு கிழியும். தட்டையான சிப்பில் சென்சார் நன்றாக ஓடுகிறது என்று நிரூபித்த பிறகு இரண்டாம் கட்டமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வேஃபர் எடுத்துப் போவது என்று கேட்பார்கள். ஒவ்வொரு படியும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வரும் என்றே கொண்டாலும், 15 படி உள்ள வேலையில் கடைசிவரை தப்பிப்பது ஐந்தில் ஒன்றுதான். நல்ல வேஃபர் ஐந்தாறு, அதே எண்ணிக்கையில் டம்மி வேஃபர் என்று எடுத்துச் செல்லுங்கள். ஒளியூட்டும் டோஸ், எட்ச் வேகம் எல்லாம் அன்றைய நிலவரத்துக்கு முதலில் டம்மியில் பார்க்கப்படும். நேற்று வேறொருவர் அதே சேம்பரில் வேறு வாயு ஓட்டியிருந்தால் இன்று எட்ச் வேகம் மாறியிருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கவும் டம்மியையே கொடுங்கள். கற்றை பட்ட இடத்தில் கார்பன் படியும், ரெசிஸ்டும் மாறிவிடும்.

உள்ளே நீங்களே கைவைத்துச் செய்வதா, மையத்தின் பொறியாளர்களிடம் கொடுப்பதா? ஒரு மாஸ்க், ஒரு உலோகம் என்றால் கொடுத்துவிடுங்கள். நாலைந்து மாஸ்க் உள்ள வேலை, ஒவ்வொரு படியிலும் முடிவெடுக்க வேண்டிய வேலை என்றால் மாணவர் ஒருவர் அங்கே தங்கிப் பயிற்சி எடுப்பதுதான் வழி. அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது: முகப்பவுடர், விபூதி, தலையில் பூ எதுவும் கூடாது. வகுப்பு 100 அறை என்றால் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 100-க்குள் இருக்க வேண்டும். நெற்றியில் உள்ள நீறு அதற்குப் பல மடங்கு உதிர்க்கும். சாதாரணக் காகித நோட்டும் உள்ளே போகாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை எப்போதும் டெஃப்லான் அல்லது பாலிபுரோப்பிலீன் பாத்திரத்தில் மட்டும் எடுக்க வேண்டும், கண்ணாடியை அது தின்னும். தோலில் பட்டால் நீர்த்த அமிலம் உடனே எரியாது, மணிக்கணக்கு கழித்து எலும்புவரை வலிக்கும். அதனால் பட்டது போல் தோன்றினாலே தண்ணீரில் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தனி ஆளாக அமில மேசையில் நிற்கக் கூடாது. பிரானா கரைசலில் (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலும் வெடிக்கலாம். ரெசிஸ்டை அசிட்டோனில் எடுத்த வேஃபரை நன்றாக அலசி உலர்த்தாமல் அதில் முக்கவே கூடாது.

செலவைப் பற்றி. கல்வி நிறுவன ஆய்வுத் திட்டம் ஐஎன்யூபி வழியாக ஏற்கப்பட்டால் கருவிக் கட்டணத்தை அரசு நிதி தாங்கும். அது இல்லாமல் நேரடியாகப் போனால் கருவிக்கு மணிக்கணக்கு, வேதிப்பொருள், பொறியாளர் நேரம், விலையுயர்ந்த உலோகத்துக்கு நானோமீட்டர் கணக்கு என்று பில் வரும். நிறுவனங்களுக்குக் கட்டணம் கல்லூரிகளைவிட அதிகம். பணத்தைக் கரைப்பது உலோகத் தடிமன். 100 நானோமீட்டர் தங்கம் 4 அங்குல வேஃபரில் வெறும் 15 மில்லிகிராம்தான் நிற்கும், ஆனால் ஆவியாக்கும்போது சேம்பர் சுவரெல்லாம் படிந்து அதைப்போலப் பல மடங்கு போகிறது. அதற்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். 100 போதும் என்ற இடத்தில் 300 கேட்காதீர்கள்.

சிறு நிறுவனங்களுக்கு என் கருத்து: மாதிரி செய்யவும், முதல் சில நூறு சாதனத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துப் பார்க்கவும் இந்த மையங்களைவிட மலிவான வழி கிடையாது. உற்பத்திக்கு இவை சரிப்படாது. மெஷின் ஒரு வாரம் பழுதில் நின்றால் உங்கள் டெலிவரி தேதிக்காக யாரும் பதறமாட்டார்கள். போகும் முன்பே பின்னால் உற்பத்திக்கு எந்த ஃபவுண்ட்ரிக்கு (சிப் ஆலைக்கு) போவீர்கள் என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அது உலோகத் தேர்வையே மாற்றும். மொஹாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகமான எஸ்சிஎல்லில் ஓடுவது 8 அங்குல, 180 நானோமீட்டர் சிமாஸ் (டிரான்சிஸ்டர் சிப்) உற்பத்தி வரிசை. அந்த மாதிரி வரிசையில் தங்கத்துக்கு இடமில்லை. மாதிரியைத் தங்கத்தில் செய்து முதலீட்டாளருக்குக் காட்டிவிட்டு, பிறகு அலுமினியத்துக்கு மாறினால் தொடுமின்தடை, ஒட்டுதல், சூட்டு வரம்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். ரகசிய ஒப்பந்தத்தை ஜிடிஎஸ் கோப்பு அனுப்பும் முன்னால் கையெழுத்திடுங்கள், அனுப்பிய பிறகு இல்லை. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு, மையத்தின் பொறியாளர் ரெசிபியில் செய்த மாற்றம் யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தத் தாளிலேயே வர வேண்டும்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது: படிக்கு ஒரு வரியாக வேலைத் தொடர் அட்டவணை, ஒவ்வொரு படிக்கும் குறுக்குவெட்டுப் படம், வேண்டிய தடிமனும் தாங்கக்கூடிய விலகலும், வேஃபர் பார்த்த பொருள்களின் பட்டியல், பாதுகாப்புத் தாள்கள், லேஅவுட். ‘ஆக்சைடு 400 நானோமீட்டர், 50 கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை’ என்று விலகலை எழுதினால் பொறியாளர் இன்னொருவர் வேஃபரோடு சேர்த்து உங்களுடையதையும் உலையில் ஏற்றிவிடுவார். ‘400’ என்று மட்டும் எழுதினால் உங்களுக்கென்று தனி ஓட்டம் காத்திருக்க வேண்டும்.

வேஃபரை வாங்கிக்கொள்ளும்போது ரன் கார்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்தக் கருவி, என்ன ரெசிபி எண், படிவு வேகம், அடிநிலை அழுத்தம், அளந்த தடிமன் ஐந்து புள்ளியில் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்து இரண்டாம் தொகுதி சிப் முதல் தொகுதி மாதிரி வேலைசெய்யாதபோது, எந்தப் படி மாறியது என்று தேட இருக்கும் ஒரே தடயம் அந்தக் கார்டுதான்.